தமிழ் மைன்கிராஃப்ட் விக்கிக்கு எழுத்து நெறிகள்: எதை விதியாக்குவது, எதை விட்டுவிடுவது?

சுண்ணாம்புக்கல் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம்.

கட்டங்களால் ஆன உலகில் தோண்டியும் கட்டியும் ஆடும் மைன்கிராஃப்ட் ஆட்டத்துக்காக நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து 2021 முதல் தமிழில் ஒரு ரசிகர் விக்கி நடத்தி வருகிறோம். தொடங்கிய காலத்தில் எழுத ஆள் வந்தால் போதும் என்றிருந்ததால், எப்படி எழுத வேண்டும் என்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை. இப்போது பக்கங்களும் பெருகிவிட்டன, எழுதுபவர்களும் கூடிவிட்டார்கள். நெறிமுறை இல்லாத குறை வாசகர்களின் தலையில் விடிகிறது.

சென்ற மாதம் என் அக்கா மகன் எங்கள் விக்கியின் வைரம் பக்கத்தைப் படித்துவிட்டு, அதில் சொல்லியிருந்தபடியே ஒய் மட்டம் 11-இல் (ஒய் என்பது ஆட்ட உலகின் உயர அளவு) சுரங்கம் வெட்டினான். மூன்று இரும்பு பிக்காக்ஸ்கள் தேய்ந்து முறியும்வரை வெட்டியும் அவனுக்கு ஒரு வைரம்கூடக் கிடைக்கவில்லை. “மாமா, இது நீங்க எழுதினதுதானே?” என்று அவன் கேட்ட பிறகுதான் பக்கத்தின் வரலாற்றைத் திறந்து பார்த்தேன். அந்த வரியை எழுதியது நான்தான். எழுதிய நாளில் அது சரியாகவே இருந்தது. 2021 நவம்பர் 30 அன்று வெளியான 1.18 பதிப்பில் உலகத்தின் அடித்தளம் −64 வரை இறக்கப்பட்டு, வைரம் 16-ஆம் மட்டத்துக்குக் கீழே, ஆழம் கூடக் கூட மிகுதியாகக் கிடைக்கும்படி மாற்றப்பட்டது. என் வரியில் எந்தப் பதிப்பைப் பற்றிப் பேசுகிறேன் என்ற குறிப்பு இல்லாததால், ஆட்டம் மாறியதை யாரும் கவனிக்காமல் அந்தப் பழைய உண்மை இன்றைய உண்மையைப் போலவே அங்கே கிடந்திருக்கிறது.

இதைத் தவிர இன்னும் சில சிக்கல்கள் இருக்கின்றன. விதர் என்ற பெரிய எதிரி உயிரியின் பக்கத்தில் அதன் உயிர்ப்புள்ளி 300 என்று ஒருவரும் 600 என்று இன்னொருவரும் இரண்டு வாரமாக மாற்றி மாற்றித் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். ஒரே உயிரி ஒரு பக்கத்தில் கிரீப்பர், இன்னொன்றில் க்ரீப்பர், மூன்றாவதில் ஊர்வான் என்று நிற்கிறது. புதிதாக வந்த ஒருவர் ஆங்கில விக்கியின் பக்கங்களை இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டு அப்படியே ஏற்றிவிடுகிறார். படிக்கும்போது தமிழ் எழுத்துகள் இருக்கின்றன, தமிழ் இல்லை.

இந்தப் பணியில் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்: எவற்றை எழுதப்பட்ட விதியாக்க வேண்டும்? இருவர் முரண்பட்டால் யார் சொல்வது நிற்க வேண்டும்?


ரெட்ஸ்டோன்தச்சர்

வணக்கம் சுண்ணாம்புக்கல். உங்கள் அக்கா மகனின் கேள்வியையே நெறிமுறையின் முதல் விதியாக மாற்றிவிடலாம் என்று நினைக்கிறேன். எண்ணோ, இடமோ, நிகழ்தகவோ, செய்முறையோ எதைச் சொல்லும் வரியானாலும், அது எந்தப் பதிப்பில், எந்த வகை ஆட்டத்தில் (ஜாவாவா, பெட்ராக்கா), எப்படிச் சரிபார்க்கப்பட்டது என்பதை அந்த வரியோ அதன் அடிக்குறிப்போ சொல்லியாக வேண்டும். மற்ற விதிகளில் பாதி இதிலிருந்தே பிறக்கும்.

விதர் சண்டையையே பாருங்கள். சண்டையிடும் இருவரும் சரியாகத்தான் எழுதுகிறார்கள். ஜாவா பதிப்பில் விதருக்கு எந்தக் கடினநிலையிலும் 300 உயிர்ப்புள்ளிகள். பெட்ராக் பதிப்பில் எளிய நிலையில் 300, இயல்பு நிலையில் 450, கடின நிலையில் 600. ஒருவர் கணினியில் ஜாவா ஆடுகிறார், மற்றவர் கைபேசியில் பெட்ராக் ஆடுகிறார். இரண்டும் ஒரே பெயரில் விற்கப்பட்டாலும் உள்ளுக்குள் வேறு வேறு ஆட்டங்கள் என்பதை உங்கள் விக்கி எங்கும் ஒப்புக்கொள்ளாததால், தத்தம் கண்ணால் கண்டதை எழுதிய இரண்டு நேர்மையான மனிதர்கள் ஒருவரையொருவர் பொய்யர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பொதுவானதை முதலில் எழுதி, வேறுபடும் இடத்தில் மட்டும் ‘ஜாவாவில்’, ‘பெட்ராக்கில்’ என்று பிரித்தெழுதுங்கள். ரெட்ஸ்டோன் (ஆட்டத்துக்குள் மின்சுற்று அமைக்கும் பொருள்) பக்கங்களில் இது இன்னும் முக்கியம். ஜாவாவில் பிஸ்டனுக்கு (கட்டங்களைத் தள்ளும் பொறி) மேலுள்ள கட்டத்துக்கு மின்சாரம் வந்தாலும் அந்த பிஸ்டன் இயங்கத் தயாராகிவிடும். பெட்ராக்கில் அந்தக் குணம் கிடையாது. ஜாவாக்காரர் வரைந்த கதவை பெட்ராக்கில் கட்டிவிட்டு, தான் எங்கே தவறு செய்தோம் என்று தேடுகிற சிறுவனுக்கு அந்த ஒரு சொல் பெரிய உதவி.

அடுத்தது ஆதாரம். விக்கிப்பீடியாவில் எழுதிப் பழகியவர்கள் ‘சொந்த ஆய்வு கூடாது’ என்ற விதியை இங்கும் கொண்டுவரப் பார்ப்பார்கள். அதை அப்படியே ஏற்றால் ஆட்ட விக்கியில் ஒரு பக்கம்கூட எழுத முடியாது, ஏனென்றால் இங்கே முதன்மை ஆதாரம் ஆட்டமேதான். அதைத் திறந்து பார்ப்பதுதான் நம் ஆய்வு. ஆனால் பார்க்கும் முறைக்கு ஓர் ஒழுங்கு வேண்டும். ஓக் இலையிலிருந்து ஆப்பிள் விழும் வாய்ப்பு 0.5 விழுக்காடு, அதாவது 200 இலைக்கு ஒன்று. ஒருவர் பொறுமையாக 200 இலைகளைக் கையால் உடைத்துப் பார்த்தாலும், ஓர் ஆப்பிள்கூட விழாமல் போக ஏறத்தாழ 37 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. அவர் உடனே ‘ஓக் இலையில் ஆப்பிள் கிடைப்பதில்லை, நானே சோதித்தேன்’ என்று எழுதினால் நாம் என்ன செய்வது? விழுபொருள் போன்ற நிகழ்தகவுகளை விளையாடிப் பார்த்து எழுதக் கூடாது. ஜாவாவின் ஆட்டக் கோப்பு ஒரு சாதாரண ஜிப் தொகுப்பு. அதைப் பிரித்தால் விழுபொருள் அட்டவணைகள் ஜேசான் என்ற உரை வடிவக் கோப்புகளாக உள்ளே இருக்கும். பெட்ராக்கின் மாதிரித் தொகுப்புகளை (ஆட்டத்தின் தரவுக் கோப்புகள்) ஆட்டத்தை உருவாக்கிய மோஜாங் நிறுவனமே பொதுவில் வெளியிடுகிறது. அவற்றைப் பார்த்து எழுதி, கோப்பின் பெயரையும் பதிப்பெண்ணையும் குறிப்பில் தரச் சொல்லுங்கள். ஒரு பொறி இயங்குகிறதா, ஒரு கதவு திறக்கிறதா என்பவற்றுக்கு விளையாட்டுச் சோதனை போதும்.

காணொளியையும் ‘ஆங்கில விக்கியில் அப்படித்தான் இருக்கிறது’ என்பதையும் ஆதாரமாக ஏற்காதீர்கள். ஆங்கில விக்கி நல்ல வழிகாட்டி, ஆனால் அதுவும் நம்மைப் போன்றவர்கள் எழுதியதுதான். மேலும் 2023 செப்டம்பரில் அதன் தொகுப்பாளர்கள் தனித்தளத்துக்குப் பெயர்ந்த பிறகு பழைய தளமும் தொடர்ந்து இருப்பதால், நம்மவர் எந்தப் பிரதியைப் பார்த்து மொழிபெயர்த்தார் என்பதே பல நேரங்களில் தெரிவதில்லை.


ஒற்றெழுத்து

ரெட்ஸ்டோன்தச்சர் உண்மையைக் காக்கும் விதியைச் சொல்லிவிட்டார். நான் மொழியைப் பற்றிப் பேசுகிறேன், ஏனென்றால் ஆங்கில விக்கியின் நெறிமுறையை அப்படியே எடுத்து வந்தால் தீராத சிக்கல்கள் தமிழில் சில உண்டு. அங்கே அவை எழுவதே இல்லை.

முதலாவது, திணை. கிராமவாசி உயர்திணையா, அஃறிணையா? கேட்கும்போது சிறியதாகத் தெரியும். இந்த வாக்கியத்தைப் பாருங்கள், உங்கள் தளத்திலேயே இருக்கிறது: ‘கடின நிலையில் ஜாம்பியால் கொல்லப்படும் கிராமவாசி ஜாம்பி கிராமவாசியாக மாறுவார், அதன் மீது பலவீன மருந்தை எறிந்து பொன் ஆப்பிளைக் கொடுத்தால் அது மீண்டும் கிராமவாசியாகி உங்களுக்குத் தள்ளுபடி தருவார்.’ ஒரே வாக்கியத்துக்குள் ஓர் உயிரி இரண்டு முறை திணை மாறுகிறது, எழுவாயும் பயனிலையும் ஒன்றையொன்று தேடி அலைகின்றன. என் பரிந்துரை இது: ஆட்டக்காரர் மட்டும் உயர்திணை, மற்ற உயிரிகள் எல்லாம், மனித உருவம் இருந்தாலும், அஃறிணை. ‘கிராமவாசி தள்ளுபடி தரும்’ என்று எழுதுவது முதல் சில நாள்கள் காதுக்கு உறுத்தும். ஆனால் ‘எண்டர்மேன் முறைத்தான்’ என்றும் ‘எண்டர்மேன் முறைத்தது’ என்றும் பக்கத்துக்குப் பக்கம் மாறுவதைவிட அந்த உறுத்தல் மேல்.

இரண்டாவது, காலம். இதைத்தான் நான் எல்லாவற்றையும்விட அவசரமாக நினைக்கிறேன். தமிழில் ‘வெடிக்கும்’ என்ற முற்று இயல்பையும் சொல்லும், எதிர்காலத்தையும் சொல்லும். ‘கிரீப்பர் அருகில் வந்தால் வெடிக்கும்’ என்பது இயல்பு. ‘அடுத்த பதிப்பில் தவளை மின்மினியைத் தின்னும்’ என்பது எதிர்காலம். வாக்கியத்தின் தலையில் உள்ள அந்த இரண்டு சொற்களை யாராவது ஒரு திருத்தத்தில் வெட்டிவிட்டால், வரவே வராத ஒன்று ஆட்டத்தில் இருப்பதாகிவிடும். இது கற்பனை இல்லை. 2021-இல் தவளைகளோடு மின்மினிகளும் வரும் என்று அறிவிக்கப்பட்டது. உண்மையான தவளைகளில் சிலவற்றுக்கு மின்மினி நஞ்சு என்பது சுட்டிக்காட்டப்பட்டதும் அது கைவிடப்பட்டது. 2022 ஜூனில் வந்த 1.19 பதிப்பில் தவளை வந்தது, மின்மினி வரவில்லை. 2025 மார்ச்சில் வெளியான 1.21.5-இல் மின்மினிப் புதர் என்ற வேறொரு வடிவத்தில்தான் அது ஆட்டத்துக்குள் வந்தது. இடைப்பட்ட காலத்தில் ‘தின்னும்’ என்று எழுதி வைத்த பக்கங்கள் எல்லாம் பொய்யாக நின்றன. ஆகவே அறிவிக்கப்பட்டதை ‘அறிவிக்கப்பட்டுள்ளது’ என்றே எழுத வேண்டும், நாளோடு, பக்கத்தின் கடைசியில் தனித் தலைப்பின் கீழ். ஸ்னாப்ஷாட்டில் (வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பில்) மட்டும் இருப்பதற்கும் இதுவே விதி. வெளியான பதிப்பில் இருப்பதற்கு மட்டுமே ‘செய்யும்’ என்ற முற்றைப் பயன்படுத்தலாம் என்று ஒரு வரியில் விதி எழுதிவிடுங்கள். நீக்கப்பட்டதற்கு இறந்தகாலம்.

மூன்றாவது, பெயர். ஜாவா பதிப்பின் மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கிறது. கிரவுடின் என்ற மொழிபெயர்ப்புத் தளத்தில் தன்னார்வலர்கள் மொழிபெயர்த்தது அது. பெட்ராக்கில் தமிழ் இல்லை. எனவே கைபேசியில் ஆடும் வாசகர் திரையில் ஆங்கிலப் பெயரைத்தான் பார்க்கிறார், வாயால் ‘கிரீப்பர்’ என்கிறார். தனித்தமிழ்ப் பெயர்களை ஆக்குவதில் எனக்கும் ஆர்வம் உண்டு. ஊர்வான் என்ற சொல்லில் ஒரு அழகும் இருக்கிறது. ஆனால் விக்கி பெயர் சூட்டும் இடம் அன்று. செல்டா ஆட்டத் தொடரின் ரசிகர் விக்கியில் அதிகாரப்பூர்வப் பெயர் இல்லாதவற்றுக்குத் தொகுப்பாளர்கள் தற்காலிகமாக இட்ட சில பெயர்கள், பின்னர் அந்தத் தொடரைப் பற்றி ஆங்கிலத்தில் அச்சான கலைக்களஞ்சியத்திலேயே இடம்பெற்றுவிட்டன. நாம் ஊகமாக வைத்த பெயர் நாளை நமக்கே ஆதாரமாகத் திரும்பி வரும் ஆபத்தை நினைத்துப் பாருங்கள். பக்கத் தலைப்பாக ஆட்டக்காரர்கள் சொல்லும் பெயரை வையுங்கள். முதல் வரியில் ஜாவாவின் தமிழ் மொழிபெயர்ப்பு தரும் பெயரைச் சேருங்கள். நாமே இட்டது என்றால் ‘இது விக்கி இட்ட பெயர்’ என்று வெளிப்படையாகக் குறித்துவிடுங்கள். மற்ற எழுத்துக்கூட்டல்கள் எல்லாவற்றுக்கும் வழிமாற்றுப் பக்கம் (சரியான பக்கத்துக்குத் தானே அனுப்பிவிடும் பக்கம்) இருந்தால் தேடுபவருக்கு எந்த இழப்பும் இல்லை. 2020-இல் 1.16 பதிப்பு வந்தபோது ஜாம்பி பிக்மேன் ‘ஜாம்பிஃபைடு பிக்லின்’ ஆனது. பழைய பெயரிலேயே இன்றும் தேடுகிறவர்கள் உண்டு, அவர்களுக்கும் அதே ஏற்பாடு.

எழுத்துக்கூட்டலில் ஒன்றே ஒன்று: மெய்யெழுத்தில் சொல் தொடங்கக் கூடாது. கிரீப்பர், பிளேஸ் என்றே எழுதுங்கள். ஸ்ட்ரைடருக்குப் பதில் சிட்ரைடரா என்று கேட்காதீர்கள். ‘ஸ்’ மட்டும் விதிவிலக்கு என்று வைத்துக்கொண்டு நகருங்கள். அதற்கு மேல் அதில் நேரம் செலவிடத் தேவையில்லை.


நெதர்வாசல்

மேலே இருவரும் சொன்னவற்றில் தவறு ஒன்றும் இல்லை. ஆனாலும் ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டியிருக்கிறது. நான் வேறோர் ஆட்டத்தின் தமிழ் விக்கியில் மூன்று ஆண்டுகள் இருந்தேன். அங்கே நாங்கள் மிகக் கவனமாக நெறிமுறை எழுதினோம். ஒற்று எங்கே மிகும் என்பதற்கே தனிப் பக்கம் இருந்தது. ஒரு மாணவி தன் முதல் பங்களிப்பாக ஒரு வாள் பற்றி நான்கு வரிகள் எழுதினாள். தகவல் முழுக்கச் சரி. பதிப்பெண் இல்லை, வார்ப்புரு (பக்கத்துக்கான ஆயத்தச் சட்டகம்) இல்லை, ஒற்றுப் பிழை இரண்டு. பத்து நிமிடத்தில் ‘நெறிமுறை 4, 7, 11’ என்ற மூன்று எண்களை மட்டும் காரணமாகக் காட்டி அந்தத் திருத்தத்தை நீக்கியது நான்தான். அவள் திரும்பி வரவில்லை. அந்த வாளுக்கு நான் விலகிய நாள் வரை பக்கம் இல்லை. விதியைச் சரியாகத்தான் நடைமுறைப்படுத்தினேன் என்பதால் அந்த வருத்தம் எனக்குக் குறையவில்லை.

எனவே இதைக் கேட்டுக்கொள்கிறேன். விதிகளை இரண்டாகப் பிரியுங்கள். வாசகரைத் தவறான இடத்தில் தோண்ட வைக்கக்கூடியவை ஒரு பக்கம்: பதிப்பு, ஆதாரம், வெளிவராததை வெளிவந்ததாகச் சொல்லாமை. இவற்றில் தளராதீர்கள். மற்றவை எல்லாம், திணையும் எழுத்துக்கூட்டலும் வார்ப்புருவும், பழையவர்கள் பின்னால் வந்து திருத்திக்கொடுக்க வேண்டியவை. அவற்றுக்காகப் புதியவரின் திருத்தத்தை நீக்கவே கூடாது. ஆதாரம் இல்லாத வரியையும், அது வெளிப்படையான தவறு இல்லையென்றால், ‘சரிபார்க்க வேண்டும்’ என்ற குறியை நாளோடு இட்டு நிறுத்தி வையுங்கள். ஒரு மாதம் யாரும் சரிபார்க்காவிட்டால் பேச்சுப் பக்கத்துக்கு நகர்த்துங்கள்.

யார் சொல்வது நிற்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். நிர்வாகி சொல்வது நிற்கக் கூடாது. யார் சோதித்துக் காட்டுகிறாரோ அவர் சொல்வது நிற்க வேண்டும். சோதனையால் தீராத கேள்விகள், அதாவது பெயரும் நடையும், பேச்சுப் பக்கத்தில் ஒரு வாரம் திறந்திருக்கட்டும். அதுவரை பழைய நிலையே தொடரட்டும்.

இயந்திர மொழிபெயர்ப்பைப் பொறுத்தவரை எனக்கு இரண்டு மனம் இல்லை: ஏற்கவே கூடாது. அதை எழுதுபவருக்கு ஒரு நிமிடம், திருத்துபவருக்கு ஒரு மணி நேரம். தவிர, ஆங்கில மைன்கிராஃப்ட் விக்கியின் உரை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் கீழ் வருகிறது. பெயரைக் குறிப்பிட வேண்டும், வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, அதே உரிமத்தில் பகிர வேண்டும் என்ற மூன்று நிபந்தனைகள் அதில் உண்டு. மனிதர் மொழிபெயர்த்தாலும் எந்தப் பக்கத்தின் எந்தத் திருத்தத்திலிருந்து என்று தொகுப்புச் சுருக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். இதுவரை ஏற்றப்பட்டவற்றில் அது இல்லை என்றால் இப்போதே சேர்த்துவிடுங்கள்.


சுண்ணாம்புக்கல்

மூவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. ஒன்று மட்டும் தெளிவுபடுத்துங்கள். ஆட்டத்துக்குள் உலவுவதாகச் சொல்லப்படும் ஹீரோபிரைன் என்ற உருவத்தின் பக்கத்தை நீக்கலாமா என்று எங்களுக்குள் விவாதம் நடக்கிறது. நீக்கக் கூடாது என்பவர், ‘மோஜாங்கின் மாற்றக் குறிப்பிலேயே ஹீரோபிரைன் நீக்கப்பட்டது என்று வருகிறது, நீக்கப்பட்டதென்றால் இருந்திருக்க வேண்டும் அல்லவா?’ என்கிறார். அதிகாரப்பூர்வ ஆதாரம் என்ற விதிப்படி அவர் பேசுவது சரியாகத்தானே இருக்கிறது?


ரெட்ஸ்டோன்தச்சர்

இந்த இடத்தில்தான் ஆதாரங்களுக்குள் ஒரு வரிசை வேண்டும் என்பது தெரிகிறது. ஆட்டக் கோப்பு முதலில். மாற்றக் குறிப்பு அதற்குப் பிறகு. உருவாக்குநர் பேட்டியில் சொன்னது அதற்கும் பிறகு. ஹீரோபிரைன் 2010-இல் பரவிய ஒரு கட்டுக்கதை. அந்த உருவம் ஆட்டத்தின் எந்தப் பதிப்பிலும் இருந்ததில்லை. 2011 முதல் பல மாற்றக் குறிப்புகளில் வரும் அந்த வரி உருவாக்குநர்கள் ரசிகர்களோடு விளையாடுவது. கோப்பில் இல்லாததைக் குறிப்பு சொன்னால் கோப்பே நிற்கும். பக்கத்தை நீக்க வேண்டாம், ஏனென்றால் அந்தக் கதை இந்த ஆட்டத்தின் பண்பாட்டு வரலாற்றில் உண்மையான பகுதி. உயிரிகள் பகுப்பிலிருந்து மட்டும் எடுத்துவிட்டு, ‘கட்டுக்கதை’ என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். ஏப்ரல் முதல் தேதி வேடிக்கைக்காக வெளியிடப்படும் பதிப்புகளில் வரும் பொருள்களுக்கும் இதே போன்ற தனிப் பகுப்பு தேவைப்படும்; அவை கோப்பில் உண்மையாகவே இருப்பதால் இன்னும் எளிதாக ஏமாற்றும்.


சுண்ணாம்புக்கல்

புரிந்தது. நேற்றிரவு ஐவரும் பேசி முடிவெடுத்தோம். நெறிமுறை ஒரே பக்கம்தான். நெதர்வாசல் சொன்னபடி மேல்பாதியில் தளராத மூன்று விதிகள், கீழ்ப்பாதியில் மொழி நடை. கீழ்ப்பாதியை மீறியதற்காக யாருடைய திருத்தமும் நீக்கப்படாது என்பதையும் அந்தப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறோம். திணை பற்றி மட்டும் ஒற்றெழுத்து அவர்களோடு முழுதும் உடன்பட எங்களால் முடியவில்லை. கிராமவாசியை அஃறிணையாக்க இருவர் மறுக்கிறார்கள். ஒரு வாரம் பேச்சுப் பக்கத்தில் கிடக்கட்டும். விதர் பக்கத்தின் இரண்டு நண்பர்களும் ஒரே அட்டவணையில் தத்தம் எண்ணைத் தாங்களே நிரப்பிவிட்டார்கள்.

வைரம் பக்கத்தின் முதல் பத்தியை இப்படி மாற்றியிருக்கிறேன். திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்:

‘வைரத் தாது ஒய் மட்டம் 16-க்கும் −64-க்கும் இடையே உருவாகும், ஆழம் கூடக் கூட மிகுதியாகக் கிடைக்கும். பலரும் −59-ஐ ஒட்டிச் சுரங்கம் வெட்டுகிறார்கள். இது 1.18 முதல் உள்ள நிலை. 1.17 அல்லது அதற்கு முந்தைய பதிப்பில் ஆடுபவர்கள் 11-ஆம் மட்டத்தை ஒட்டித் தோண்ட வேண்டும். ஜாவாவில் சரிபார்க்கப்பட்டது, பெட்ராக்கில் சரிபார்க்க வேண்டும்.’

எங்கள் ஐவரிடமும் பெட்ராக் இல்லை. கைபேசியில் ஆடும் யாராவது உதவினால் கடைசித் தொடரை எடுத்துவிடலாம்.


நெதர்வாசல்

என்னிடம் இருக்கிறது. ஆயத்தொலைவு காட்டும் அமைப்பை இயக்கி, புதிய உலகம் ஒன்றில் இன்று மாலை −59-இல் இரண்டு மணி நேரம் தோண்டினேன். அடித்தளப் பாறை −64-இல் இருக்கிறது, வழியில் மூன்று வைரக் கொத்துகள் கிடைத்தன. ஆனால் ரெட்ஸ்டோன்தச்சர் சொன்ன காரணத்தால் இதை வைத்து ‘மிகுதியாக’ என்று எழுத மாட்டேன். அடித்தள மட்டம் சரி என்பதை மட்டும் பதிப்பெண்ணோடு பக்கத்தில் சேர்த்திருக்கிறேன். பரவலைப் பற்றிய குறி அப்படியே இருக்கட்டும். வார இறுதியில் மாதிரித் தொகுப்பைப் பார்த்துவிட்டு எடுக்கிறேன்.